சாலை வேண்டாத வண்டி

மனித குலத்தின் வரலாறே சக்கரத்தின் வரலாறு என்று சொல்வார்கள். தவறு. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் அரைக் கிணறுதான் தாண்டினான். அது உருள வேண்டுமானால் சாலை வேண்டும் என்ற பெரிய சங்கடத்தையும் கூடவே நம் தலையில் கட்டிவிட்டுப் போனான். அந்தச் சங்கடத்திலிருந்து நம்மை மீட்டது, நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் 'ஃபோர் வீல் டிரைவ்' வண்டி. நாகரிகம் முற்றிய இடத்தில் சாலை தேவைப்படாது, வண்டியே போதும். இந்த மாபெரும் உண்மையைச் சொந்தச் செலவில் நிரூபித்துக் காட்டியவர் ஒரு சாலை அதிகாரி என்பதில்தான் அந்தத் துறையின் பெருமை இருக்கிறது.

போட்டு முடித்த சாலை நல்ல சாலைதானா என்று பார்த்துத் தரச்சான்று கொடுப்பது அவர் வேலை. 'பார்த்து' என்பது பேச்சுக்குச் சொல்வது. பார்ப்பதில் ஆபத்து இருக்கிறது. கண் ஒருதலைப்பட்சமானது, தெரு முழுக்கத் தார் மினுங்கினாலும் ஓரத்தில் இருக்கும் ஒரு பள்ளத்தைத்தான் அது தேடிப்போய்ப் பார்க்கும். ஆகவே துறையில் நெடுங்காலமாக நடுநிலையான ஒரு முறை இருந்துவந்தது. அதன் பெயர் 'உறக்கச் சோதனை'. அதிகாரி அலுவலக வண்டியின் பின்னிருக்கையில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தலையணையில் சாய்ந்துகொள்வார். வண்டி புதுச் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். அதிகாரி உறங்கிவிட்டால் சாலை தேறியது. உறங்காவிட்டால் தேறவில்லை. இதைவிட நேர்மையான கருவி உலகத்தில் உண்டா? மனிதனுக்குக் கையூட்டுக் கொடுக்கலாம், அவன் தூக்கத்துக்கு யார் கொடுக்க முடியும்?

நம் அதிகாரிக்குத் தூக்கம் கூடவே பிறந்தது. பல் பிடுங்கும் நாற்காலியில் தூங்கியவர். தம் பதவி உயர்வு விழாவில் தலைமைப் பொறியாளர் பாராட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போய், பதவிக்கு ஏற்ற ஆள் என்று அப்போதே நிரூபித்தவர். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'தாலாட்டு'. அவர் சர்வீஸில் தேறாத சாலையே கிடையாது. அவர் குடியிருக்கும் தெருவும் அப்படித் தேறிய ஒன்றுதான். அங்கே இருப்பவற்றைத் தெருக்காரர்கள் பள்ளம் என்பார்கள். படிக்காத பேச்சு அது. துறையில் அதற்கு 'மேற்பரப்பு வேறுபாடு' என்று பெயர்.

தாலாட்டின் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஒரு நாள் காலையில் அவர் போன ஆட்டோ அந்தத் தெருவில் ஒரு மேற்பரப்பு வேறுபாட்டில் இறங்கி ஏறியது. ஆட்டோ ஏறிவிட்டது, டீச்சரின் முதுகு ஏறவில்லை. முதுகில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டபோது, டீச்சர் வாயைத் திறப்பதற்குள் தாலாட்டு முந்திக்கொண்டு, வயசாகுதில்ல டாக்டர் என்று சொல்லிவிட்டார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். 

ஆபரேஷன் முடிந்ததும் டீச்சர் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தம்பி வீட்டில் தங்கிவிட்டார். கொஞ்ச நாளைக்கு முதுகு குலுங்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று தாலாட்டு போனில் கேட்டார்.

"எப்ப வேணாலும் வரேன். ஆனா குலுங்காம வரணும். ஒரு தடவ குலுங்கினாலும் அப்படியே தம்பி வீட்டுக்குத் திரும்பிடுவேன்."

அன்றிலிருந்து தாலாட்டுக்குத் தூக்கம் போயிற்று. டீச்சர் பரீட்சைத் தாள் திருத்தும்போது முணுமுணுக்கும் சத்தம் இல்லாமல் அந்த வீட்டில் அவருக்குக் கண் மூடவில்லை. இத்தனை வருஷம் தம் தூக்கம் தம்முடைய திறமை என்று நினைத்திருந்தார். அது மனைவி பக்கத்தில் இருக்கும் நிம்மதி என்பது இப்போதுதான் புரிந்தது. அந்த மனுஷர் உள்ளபடியே தவித்துப்போனார்.

தவிப்பு வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. வழக்கம்போலத் தலையணையோடு ஒரு புதுச் சாலையைச் சோதிக்கப் போனவர் முழுக்க முழுக்க விழித்துக்கொண்டே போய்வந்தார். சாலை தேறவில்லை. அடுத்ததும் தேறவில்லை. அதற்கடுத்ததில் மண்டை வண்டிக் கூரையில் இடித்து வீங்கியது. துறையின் வரலாற்றில் இப்படி ஒரு அநியாயம் நடந்ததில்லை. ஒப்பந்தக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தலைமைப் பொறியாளரிடம் ஓடினார்கள். அவர் தாலாட்டைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா ஆச்சு உமக்கு?"

"தூக்கம் வரல சார்."

"ஏன் வரல?"

"வீட்டுல அவ இல்ல சார்."

"போய்க் கூட்டிட்டு வாங்க."

"குலுங்காம வரணுங்கறா சார்."

தலைமைப் பொறியாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். வழி இரண்டுதான். ஒன்று, அந்தத் தெருவைச் சரிசெய்வது. அதை அந்த அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்கள். தரச்சான்று பெற்ற சாலையைச் சரிசெய்வது சான்றை அவமதிப்பதாகும். இன்னொன்று, அந்தத் தெருவிலும் குலுங்காத ஒரு வண்டி. புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க முடியாது, அதற்குள் இன்னும் எத்தனை சாலைகள் தேறாமல் போகுமோ. எனவே பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்றை உடனே தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று.

எதற்காக என்று நாலு பேர் கேட்பார்களே? அதற்கும் வாசகம் தயாராயிற்று: 'சொகுசுப் பயணம் மற்றும் சாலையற்ற இடங்களில் சுற்றுலா'. தாலாட்டு அதை நெட்டுருப் போட்டு மனைவியிடமும் போனில் ஒப்பித்தார்.

"சுற்றுலாவா? நீங்களா?" என்றார் டீச்சர்.

"ஆமா. காடு, மலை, பாலைவனம்னு... ரோடே இல்லாத இடமா பார்த்துப் போய்ச் சுத்தணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

 சரி, நல்ல வண்டியா பாருங்க என்று சொல்லி டீச்சர் வைத்துவிட்டார்.

தேர்வுக்குழு அமைந்தது. தலைமைப் பொறியாளர் தலைவர். டீச்சரின் தம்பி 'தொழில்நுட்ப ஆலோசகர்'. காப்பீட்டு முகவரான அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள்தான். ஆனால் சேற்றில் வண்டி ஓட்டும் வீடியோக்களை விடிய விடியப் பார்த்துப் பாண்டித்தியம் பெற்றிருந்தார். மூன்றாவது ஆள் அலுவலக வண்டியின் ஓட்டுநர். அவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது, ஓட்டும் உரிமை மட்டும் உண்டு.

தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகையில் பழைய வண்டி வியாபாரி அவர்களை வரவேற்றார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு வைத்திருந்தார். முதல் வண்டி கட்டையாக, பயில்வான் மாதிரி நின்றது. இது ஏறாத மலையே இல்லை என்றார் வியாபாரி. இருக்கலாம். இன்ஜினைப் போட்டதுமே, நின்ற இடத்திலேயே தாலாட்டின் பற்கள் தந்தியடித்தன. முதுகுக்கு ஆகாது என்று குழு ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது.

இரண்டாவதின் இருக்கை மெத்தையேதான். தாலாட்டு உட்கார்ந்ததும் கண் லேசாகச் செருகியது. தலைமைப் பொறியாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஆனால் மச்சினன் விடவில்லை. பின்சக்கரங்களை மணலில் இறக்கி, முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் லீவரைப் போடச் சொன்னார். பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் தேமே என்று நின்றன.

"முன்னாடி ரெண்டும் சுத்தவே இல்லையே?"

"அது சும்மா துணைக்கு வருதுங்க. நாலு சக்கரம் இருக்கான்னு எண்ணிப் பாத்துக்குங்க" என்றார் வியாபாரி.

மூன்றாவது வண்டி நீளமானது, உயரமானது. நான்கு பக்கமும் சுருள் வில், நல்ல ஷாக் அப்சார்பர், கை வைத்ததும் விழும், எந்தப் பள்ளத்திலும் மெதுவாக இழுத்து ஏற்றும் லோ கியர். ஒரே ஓனர், மேடு பள்ளமே பார்க்காத வண்டி என்று வியாபாரி சத்தியம் செய்தார். மச்சினன் தரை விரிப்பைத் தூக்கினார். அடியில் ஆற்று மணலும் காய்ந்த பாசியும் கிடந்தன. அது ஓனர் சும்மா ஞாபகத்துக்கு அள்ளிக்கிட்டு வந்ததாயிருக்கும் என்றார் வியாபாரி, முகம் மாறாமல். ஆறு கடந்த வண்டி என்று தெரிந்ததும் மச்சினனுக்கு அதன்மேல் மரியாதை கூடிவிட்டது.

ஓட்டிப் பார்க்கச் சாலையற்ற இடம் வேண்டுமே? கல்குவாரிக்குப் போகலாம் என்றார் மச்சினன். காய்ந்த ஆறு ஒன்று தெரியும் என்றார் வியாபாரி. தலைமைப் பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதுக்கு அவ்வளவு தூரம், சும்மா அப்படியே இவரை வீட்டில் இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்றார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தெருமுனை வந்ததும் ஓட்டுநர், யாரும் சொல்லாமலே நிறுத்தி, லோ கியருக்கு மாற்றினார். இடது முன்சக்கரம் ஒரு மேற்பரப்பு வேறுபாட்டுக்குள் மூழ்க, வலது பின்சக்கரம் அந்தரத்தில் எழுந்தது. வண்டி அசராமல் ஒரு சாய்வு சாய்ந்து, மெல்ல வெளியே வந்து, அடுத்ததில் இறங்கியது. காட்டிலாகாவுக்கும் சுரங்கத்துக்கும் வண்டி விற்ற அனுபவசாலியான வியாபாரி மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இங்க குவாரி ஏதாவது நடக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தரச்சான்று வாங்கின ரோடு இது" என்றார் தலைமைப் பொறியாளர்.

"யாருங்க குடுத்தது?"

அந்த வண்டியின் ஜன்னல்கள் எவ்வளவு பெரியவை என்று எல்லோரும் கவனித்துப் பார்த்தார்கள். இருக்கையில் நிறுத்தி வைத்திருந்த தண்ணீர் பாட்டில் கடைசிவரை சாயவில்லை. வண்டி அன்றைக்கே கைமாறியது.

டீச்சரை அழைத்துவரும் நாள் வந்தது. தூக்கம் திரும்புவதை நேரில் பார்த்தால்தான் நிம்மதி என்று தலைமைப் பொறியாளரும் கூடவே கிளம்பி முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டார். டீச்சர் இடுப்பில் பட்டையோடு, தம்பியின் தோளைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து, வண்டியை அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. சுருள் வில்லிலிருந்து ஸ்டெப்னி வரை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்த குழு, முதுகில் தையல் போட்ட ஒரு பெண்மணி இடுப்பு உயரத்தில் இருக்கை உள்ள வண்டியில் எப்படி ஏறுவார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. தலைமைப் பொறியாளர் சாய்தளம் அமைக்கலாம் என்றார். வீடியோவில் கயிறு கட்டி ஏற்றுவார்கள் என்றார் மச்சினன். டீச்சர் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குளியலறையில இருக்கிற ஸ்டூலை எடுத்துட்டு வாடா" என்று தம்பியிடம் சொன்னார். அதில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார். ஸ்டூலும் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டது.

வண்டி கிளம்பியது. தாலாட்டு பின்னிருக்கையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இல்லாம அது வீடாவே இல்ல" என்றார்.  டீச்சரும் அவர் கையை விடவில்லை. வயசாகுதில்ல என்று டாக்டரிடம் சொன்னதற்குத் தாலாட்டு என்னவோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனார்.

தலைமைப் பொறியாளர் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. வண்டி அப்போதுதான் அந்தத் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. உடனே போனை எடுத்து, தேறாமல் போன சாலைகளுக்கெல்லாம் நாளைக்கே மறுசோதனை வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தக்காரர்களைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்லுங்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே, டீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு ஆட்டோ ஒரு பக்கமாகக் குந்தியிருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி அதிலிருந்து இறங்கி நிற்க, அவள் புருஷனும் ஆட்டோக்காரரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் அந்த உயரமான வண்டியை அண்ணாந்து பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். உள்ளே ஒரு குலுக்கல் இல்லை. டீச்சருக்கே கண் சொக்கியதாம். அதுதான் தமக்குப் பயமாகப் போய்விட்டது என்று பிறகு தம்பியிடம் சொன்னாராம்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி ஸ்டூலைப் போட்டார். டீச்சர் அசையவில்லை. கணவரின் தோளைத் தொட்டார்.

"என்னங்க, எந்திரிங்க. வந்தாச்சு."

தாலாட்டு அரைக்கண் திறந்தார். "எங்க வந்திருக்கோம்?"

"ரோடே இல்லாத இடமா பார்த்துச் சுத்தணும்னு ஆசைப்பட்டீங்கல்ல? அங்கதான். இறங்குங்க."

தூக்கக் கலக்கத்தில் அவர் ஸ்டூலில் கால் வைத்து இறங்கி, கணுக்கால் வரை ஒரு மேற்பரப்பு வேறுபாட்டில் நின்றார். முன்னிருக்கையில் தலைமைப் பொறியாளர் சிரிக்க ஆரம்பித்தார்.

"சார், நீங்களும்தான்" என்றார் டீச்சர்.

முப்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கும் குரல் அது. அவரும் இறங்கினார். ஓட்டுநர் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, யார் உத்தரவுக்கும் காத்திராமல், ஏறி உட்கார்ந்து லோ கியரைப் போட்டார். தாலாட்டுக்கு அப்போதுதான் தூக்கம் முழுசாகத் தெளிந்தது. ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"குலுங்கினாத்தானே திரும்பிப் போவேன்னு சொன்ன? குலுங்கலையே?"

"எனக்குக் குலுங்கல" என்றார் டீச்சர். "வண்டி என்கிட்டயே இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இங்கேயே முழிச்சுக்கிட்டு இருங்க. ரோடு வந்ததும் சொல்லி அனுப்புங்க, வரேன்."