ஏலக்காய்க் கிட்டங்கியில் பல்கலைக்கழகம்

போடிநாயக்கனூர்

அன்புள்ள மாப்பிள்ளை தௌஹீதுக்கு, உன் அக்கா முபீனாவைக் கட்டிய மச்சான் சவுகத் அலி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். குரங்கணிப் பக்கம் நல்ல மழை, ஏலக்காய்க்கும் குறைவில்லை. நீயும் தஸ்னீமும் பிள்ளைகளும் அங்கே அதேபோல் செழித்திருக்க துஆ செய்கிறோம்.

நீ வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பொன்விழா மலருக்கு, அதன் போடி மையம் வளர்ந்த வரலாற்றை எழுதக் கேட்டிருந்தாய். எழுதுகிறேன். வளர்ந்ததெல்லாம் சரக்கு அடுக்கும் என் ஏலக்காய்க் கிட்டங்கியில்தான். அதைக் காலி செய்து கொடுக்கும்படி உங்கள் பதிவாளரிடம் நீ சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தின் சாரமே அதுதான்.

முதலில் ஒரு கரும்பலகை வந்தது. வீட்டிலிருந்தே பட்டம் படிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு, வேறு இடம் கிடைக்கும்வரைதான் என்று உன் அக்கா சொன்னாள், அவளும் சேர்ந்திருந்ததால் நானும் சரியென்றேன். பிறகு பெஞ்சு வந்தது, பெஞ்சுக்குப் பின்னால் பீரோ வந்தது, பீரோவுக்குத் துணையாக ஒரு கிளார்க்கு வந்தார், அவங்க போர்டு என் கடை போர்டுக்கு மேலேயே ஏறிக்கிடுச்சு, கம்பத்து யாவாரி ஒருத்தர் அதைப் பார்த்துட்டு நான் கடையை மூடிட்டேன்னு துக்கம் விசாரிச்சிட்டுப் போயிட்டார். அது போகட்டும். ஏலக்காய் வெளிச்சம் பட்டா வெளுக்கும், பச்சை போனா விலை போச்சு, அதனால நான் ஜன்னலைச் சாத்துவேன். எழுத்து தெரியலைன்னு வாத்தியார் திறப்பார். நான் சாத்த, அவர் திறக்க, பல்கலைக்கழகம் வளர்ந்துச்சு, என் சரக்கு வெளுத்துச்சு.

அப்புறம் பரீட்சை. விடைத்தாள்களைத் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். எங்க கிட்டங்கியை விட்டு எதுவும் வெறும் கட்டாப் போற வழக்கமில்லை, மரியாதையா இருக்கட்டும்னு நானே சாக்கில் போட்டு, வாயைத் தைச்சு, கடை மார்க்கும் போட்டு விட்டேன். லோடு ஏத்துற மலைச்சாமிக்கு மார்க்குதான் தெரியும். விடைத்தாள் ஏலத்துக்குப் போச்சு, ஏலக்காய் உங்க பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. சாம்பிள் பார்க்கச் சாக்கைப் பிரித்த யாவாரி கட்டைத் தூக்கிப் பார்த்து, "பாய், சரக்குக்கு முத்திரையெல்லாம் வச்சிருக்கீக, இது எந்தத் தோட்டம்?" என்றார். உன் அக்கா அடுப்படியில் நின்றபடி படித்த படிப்பெல்லாம் அந்தக் கட்டுக்குள்ளே. கட்டை வாங்கிக்கொண்டு, ஜீப்பைப் பிடித்து உங்க பல்கலைக்கழகத்துக்கு வெரசா ஓடினேன். முத்திரை உடையாததால் வாங்கிக்கொண்டார்கள். என் மூட்டைதான் கொஞ்சம் இளைத்துத் திரும்பியது. உங்கள் ஆபீசில் அன்றைக்கு டீ மணத்ததாகக் கேள்வி. அல்ஹம்துலில்லாஹ், முபீனா பாஸ்.

ஆகவே மாப்ளே, வந்த சோலி முடிஞ்சது. தேவாரம் ரோட்டில் புதுக் கட்டடம் காலியா இருக்காம், எல்லாரும் சௌக்கியமா அங்கே போகட்டும். அடுத்த பறிப்புக்குள் எனக்குக் கிட்டங்கி வேண்டும். தஸ்னீமுக்கு சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தை நிறைப்பானாக.

இப்படிக்கு,
சவுகத் அலி

பி.கு.: கடிதத்தை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "ஏங்க, சாக்குத் தைக்கிற சாக்குல கதவோரம் உக்காந்து வருஷம் பூரா வரலாற்றுப் பாடம் கேட்டீகளே, இனி தேவாரம் ரோட்டுக்குப் போயா கேப்பீக?" என்றாள். பதிவாளரிடம் ஒன்றும் சொல்லாதே. என் பிளஸ் டூ சர்டிபிகேட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், முதலாம் ஆண்டு வரலாற்றில் என் பெயரைச் சேர்த்துவிடு. கண் முன்னைப் போல் இல்லை. ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.