வெர்ஷன் டூவும் ஒரு கழித்தல் குறியும்

“நேற்று ஒட்டிய அறிவிப்பில் செமினார் மூன்று மணிக்கு என்று எழுதியிருந்தேன். மூன்று என்பது நான் வர விரும்பும் நேரம். மரக்காணம் பஸ் வந்து சேரும் நேரம் மூன்று பத்து. திருத்திக்கொள்ளவும்.”

இயற்பியல் துறையின் பலகையிலிருந்து நான் எடுத்து வைத்திருக்கும் துண்டுத்தாள் இது. கீழே செவ்வாய் என்று போட்டு, அடித்து, புதன் என்று போட்டிருக்கிறது. மாதம் உண்டு, ஆண்டு இல்லை. ஆண்டு இல்லாத காகிதத்தை என்னால் சும்மா வைத்திருக்க முடியாது. நூலக வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துப் பின்பக்கம் குறித்துவிட்டேன்.

மரக்காணத்து உப்பளக் கரையில் பிறந்தவர்களில், தான் சொன்ன ஒரு வாக்கியத்தைக்கூட அப்படியே விட்டுவைக்காதவன் இதை எழுதியவன் ஒருவன்தான். துறையில் அவனுக்குப் பெயர் ‘வெர்ஷன் டூ’. நான் அதே துறையின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன், எனக்கும் மரக்காணம்தான். இருவருக்கும் ஒரே பஸ்; ஏறும்போது சொன்னதை, வழியில் கூனிமேடு நிறுத்தம் வருவதற்குள் திருத்திவிடுவான்.

“ண்ணா, நேத்து உங்க சட்டை நல்லா இருக்குதுன்னு சொன்னேன்ல?”

“ஆமா.”

“அது வெர்ஷன் ஒண்ணு. கலர் மட்டும்தான் நல்லா இருந்துது.”

இந்த வழக்கம் அவன் கண்டுபிடித்ததல்ல. இயற்பியல்காரர்கள் கட்டுரை எழுதியதும், இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் போட்டுவிடுவார்கள். தப்பு தெரிந்தால் இரண்டாம் வெர்ஷன், பிறகு மூன்றாம் வெர்ஷன். முழுக்கவே தப்பென்றால் ‘திரும்பப் பெறுகிறோம்’ என்று ஒரு வரி. அவர்கள் கட்டுரைக்குச் செய்ததை இவன் வாழ்க்கைக்குச் செய்தான்.

இரும்பை கிராமத்தில் பெண் பார்க்கப் போனான். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான். மறுநாள் போன் செய்து, “நேத்து சொன்னதுல ஒரு திருத்தம்ங்க” என்று ஆரம்பித்தான். பெண்ணின் அப்பா அந்த இடத்திலேயே போனை வைத்துவிட்டார். விட்டுப்போயிருந்த வார்த்தை ‘ரொம்ப’.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு ‘கோட்பாட்டு இயற்பியலில் நடப்பு ஆய்வுகள்’ என்று ஒரு செமினார் பாடம் உண்டு. ஆளுக்கொரு புதுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விளக்க வேண்டும். முதல் தடவை வெர்ஷன் டூ அரை மணி நேரம் நன்றாகவே பேசினான். பிறகு பலகையை முழுக்கத் துடைத்தான்.

“என்னப்பா பண்றே?” என்றார் பாடம் நடத்திய மேடம்.

“இதுவரைக்கும் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம்.”

ஃபெயில். இரண்டாவது தடவையும் போனால் ஆராய்ச்சிப் பதிவே ரத்து என்று துறையிலிருந்து கடிதம் வந்தது. நகல் என்னிடம் இருக்கிறது, தேதியோடு.

இந்த முறை அவன் எடுத்துக்கொண்டது, கருந்துளைக்குள் விழுந்த செய்தி வெளியே வருமா என்ற கட்டுரை. வரும் என்று நிரூபித்திருந்தார்கள். செமினார் புதன்கிழமை; அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு உப்பளத்துக் கொட்டகையில் ஒத்திகை. கேட்டவர்கள் இரண்டு பேர். நான் ஒருவன், வேலை இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்த செல்வி அக்கா இன்னொருவர். பதினான்காவது சமன்பாட்டிலிருந்து பதினைந்துக்குப் போகும் வழியில் வெர்ஷன் டூ நின்றுவிட்டான்.

“இங்க ஒரு மைனஸ் இருந்துது. இப்ப காணோம்.”

“நீதான் தொலைச்சிட்டியா?” என்றார் செல்வி அக்கா.

“இல்லக்கா. எழுதினவங்க தொலைச்சிட்டாங்க. அந்த மைனஸ் இருந்தா செய்தி வெளிய வராது. பேப்பரே தப்பு.”

“அப்ப அவங்களுக்குச் சொல்லு.”

“சொன்னா வாபஸ் வாங்கிடுவாங்க. வாங்கிட்டா புதன்கிழமை நான் எதப் பேசறது? என் பதிவு போயிடும்க்கா.”

“ஓ. உனக்கு மார்க் வர்ற வரைக்கும் தப்பு அப்படியே கெடக்கட்டும்ங்கற. ஊருல ஒருத்தர் சட்டையையும் விட மாட்டே, இதுக்கு மட்டும் வாய மூடிக்குவே.”

அக்கா துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு உப்பு வாரப் போய்விட்டார். வெர்ஷன் டூ அதில் எதையும் திருத்தாமல் காகிதங்களை மடித்துக்கொண்டான். அது எனக்குப் புதிது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்துக்கு வந்து போனை நீட்டினான். கட்டுரை இருந்த பக்கத்தில் ஒரே வரி: ‘பதினைந்தாம் சமன்பாட்டில் குறியில் பிழை இருப்பதால் இக்கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி.’

“ண்ணா, பதிவு போச்சு. இனிமே உப்பளம்தான்” என்றான்.

நான் பாடத்தின் விதிமுறைத் தாளைத் தேடி எடுத்தேன். இப்படிப்பட்ட காகிதங்களை நான் ஏன் சேர்க்கிறேன் என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இதுவே பதில். இருவருமாக மேடத்திடம் போனோம்.

“வாபஸ் வாங்கின பேப்பர்ல எப்படிப்பா செமினார் குடுப்பே?”

நான் குறுக்கே புகுந்தேன். “மேடம், ஒரு வருஷத்துக்குள்ள வந்த கட்டுரையா இருக்கணும்னுதான் விதி. சரியா இருக்கணும்னு எங்கயும் இல்ல.”

மேடம் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். “சரியா இருக்கணும்னு போட்டா இந்தக் கோர்ஸையே நடத்த முடியாது. மூணு பத்துக்கு ஆரம்பி.”

அன்று அவன் எடுத்துக்கொண்ட தலைப்பு, ‘இந்தக் கட்டுரை ஏன் தவறு’. ஐம்பத்தெட்டு நிமிடம் பேசினான். பலகையைத் துடைக்கவில்லை, ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெறவில்லை. தேறிவிட்டான். மேடம் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்தத் தப்ப நீ எப்பக் கண்டுபுடிச்சே?”

“ஞாயித்துக்கிழமை மேடம்.”

மேடம் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கேட்டேன். “அந்த வாசகர் நீதானே?”

“இல்லண்ணா” என்றான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை அந்த ‘இல்ல’வுக்குத் திருத்தம் வரும் என்று காத்திருந்தேன். கூனிமேடு தாண்டியும் வரவில்லை. அவன் பட்டம் வாங்கிக்கொண்டு வடக்கே வேலைக்குப் போய்ச் சில காலம் ஆகிறது, இன்றுவரை வரவில்லை. கட்டுரை எழுதியவர்களுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. ஆகவே அந்த வாசகர் யார் என்பது உறுதி செய்யப்படவில்லை.

நூலக வருகைப் பதிவேட்டில் அன்றைய தேதியில் அவன் பெயருக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில், ‘வாசகர் இவனே’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஆதாரமில்லாத எதையும் அந்தப் பதிவேட்டில் நான் விட்டுவைத்ததில்லை. இதை மட்டும் அழிக்கக் கை வரவில்லை.