பூஜையில் வைத்த பேட்டரி

ஓணம் முடிந்த மறுநாள் காலை ஜெயலக்ஷ்மி காபியோடு ஒரு தீர்மானத்தையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பூஜை லீவு முடிவதற்குள் அந்த மோட்டார் சைக்கிள் ஓடவேண்டும். ஓடாவிட்டால் ஆக்கிரிக்காரன் வந்து பழைய இரும்போடு இரும்பாகத் தூக்கிக்கொண்டு போவான். அவனிடம் பேசியாகிவிட்டது.

தாணுமாலயனுக்குக் காபி இறங்கவில்லை. வண்டி எழுபத்தெட்டாம் வருஷத்து யெஸ்டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பேட்டரி செத்து ஆறு வருஷமாகிறது. கரமனை வீட்டு நடைபாதையில் நின்றுகொண்டு, ஹேண்டில்பாரில் ஈரத் துண்டுகளை உலர்த்திக் குடும்பத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தது.

ரிட்டயரான நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆசை. இன்னும் ஒரு தடவை பொன்முடி மலை, தனியாக. கல்யாணத்துக்கு முன்னால் மாதம் ஒரு தடவை போனவர். கல்லாறு தாண்டினதும் குளிர் சட்டைக்குள் புகும். வண்டி முனகிக்கொண்டே இருபத்திரண்டு கொண்டைஊசி வளைவும் ஏறும். இதை யாரிடம் சொல்வது? அறுபது வயசில் ஏக்கம் என்றால் டாக்டரிடம் டோக்கன் எடுக்கச் சொல்வார்கள்.

அதனால் ரகசியமாகத் திட்டம் போட்டார். வண்டி ஓடுகிறது என்று தெரிந்தால் முதல் சவாரி சாலை மார்க்கெட்டுக்குத்தான், இரண்டு பக்கமும் சேனையும் வாழைக்காயும் தொங்க. ஆகவே நவமியன்று விடியற்காலை சத்தமில்லாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், பொன்முடி ஏறிவிட்டு வந்து, அப்புறம் அறிவிப்பது.

ஆரியசாலையில் ஜினுவின் பேட்டரி கடைக்கு மூன்று வாரம் நடந்தார். ஆறு வோல்ட் பேட்டரி இப்போது யாரும் கேட்பதில்லை என்றான் ஜினு. வண்டியைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம். பல்பு, ஹாரன், காயில் எல்லாம் மாறும். வேண்டாம் என்றார். எமர்ஜென்சி விளக்கில் வைக்கிற மாதிரி மூடின பேட்டரி ஒன்று இருக்கிறது, தண்ணீரே ஊற்றவேண்டாம் என்றான். அதற்கும் ஒரு வாரம் யோசித்தார். ஊற்றாவிட்டால் அதற்கும் தனக்கும் என்ன உறவு? மாதம் ஒரு தடவையாவது மூடியைத் திறந்து பார்க்கவேண்டாமா?

பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது ஜினுவே கூப்பிட்டான்.

"சாரே, ஒரு பீஸ் வந்நிட்டுண்டு. ஆறு வோல்ட், தண்ணி ஊத்துறதாக்கும். ஒரு பார்ட்டி ஆர்டர் பண்ணினது, எடுக்க வரலை. சாருக்கு அது மதியா, போதுமா?"

அந்தப் பார்ட்டி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று தாணுமாலயன் வாயார வாழ்த்தினார்.

அஷ்டமியன்று மத்தியானம், ஆசிட் ஊற்றிச் சார்ஜ் போட்ட பேட்டரியைத் துணிப்பையில் கொண்டுவந்து, புத்தக அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். யாரும் சீண்டாத அலமாரி. வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அதைவிடப் பத்திரமான இடம் அந்த வீட்டில் கிடையாது. அவர் ஒளித்தது மிச்சமிருந்த அந்த ஒரு நாளில்.

அஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்பு. வீட்டிலுள்ள புத்தகமும் ஆயுதமும் சரஸ்வதி முன்னால் போய்விடும். தசமி காலை பூஜை முடிந்து எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. தூங்கி எழுந்து வந்தவர் பார்த்தது, சகஸ்ரநாமப் புத்தகத்துக்கும் காய் நறுக்கும் கத்திக்கும் நடுவில் பேட்டரியை. பிளஸ்ஸுக்குச் சந்தனம், மைனஸுக்குக் குங்குமம், உச்சியில் ஒரு செவ்வந்தி.

"இது என்ன?" என்றார், முதல் தடவை பார்ப்பவர் போல.

"புஸ்தகத்துக்குப் பின்னால இருந்தது. படிக்கிற சாமானா தெரியலை. அதனால ஆயுதத்தோட சேர்த்தேன்."

"நாளைக்கு எனக்கு அது..."

"பூஜையில வெச்சதைத் தொடப்படாது, கேட்டேளா. தசமிக்கு எடுத்துக்கலாம்."

மறுநாள் முழுக்க அவர் பூஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல வெயில்; மலையேற அதைவிட நல்ல நாள் வாய்க்காது. சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுச் சூடாமணி, அண்ணாவுக்கு வயசாக ஆக என்ன பக்தி என்று உருகிப்போனாள். அவர் கண் பேட்டரிமேல்தான் இருக்கிறது என்று ஜெயலக்ஷ்மி காட்டிக்கொடுக்கவில்லை.

தசமி காலை அரிசியில் ஹரிஸ்ரீ எழுதியானதும் அவள் பேட்டரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அது இருந்த இடத்தில் மஞ்சள் தடவிய ஒரு சீட்டு கிடந்தது. ஜினுவின் கடைச் சீட்டு. தன்னுடையதாக இருக்கும் என்று எடுத்துப் படித்தார்.

'ஆகஸ்ட் 9. கரமனை ஜெயலக்ஷ்மி மாமி. ஆறு வோல்ட். தண்ணீர் ஊற்றும் பழைய மாதிரி மட்டும். வேறு எதுவும் அவர் வாங்கமாட்டார்.'

இரண்டாம் தடவையும் படித்தார். ஆகஸ்ட் ஒன்பதில் ஓணமே வரவில்லை. ஆக்கிரிக்காரன் பேச்சும் வரவில்லை. தான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எடுத்த முடிவு அதில் எழுதியிருந்தது.

"எடுக்க வராத பார்ட்டி நீயா?"

"பின்னே? நானே வாங்கி வெச்சிருந்தா நீங்க திரும்பிப் பார்த்திருக்கமாட்டேள். தூக்கிப் போடறேன்னதும்தான் ஓடினேள்."

"நேரே கேட்டிருக்கலாமே."

அவள் செவ்வந்தியைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"பொன்முடிக்குக் கூட்டிண்டு போறேன்னு சொல்லி முப்பத்தோரு வருஷமாச்சு. கல்யாணமான புதுசுல கிளம்பினோம். பாதி வழியில, விதுராவுல தூத்தல் போட்டது, திருப்பிட்டேள். அப்புறம் கேட்டப்போ டயர் இல்லை. அப்புறம் லீவு இல்லை. அப்புறம் பேட்டரி இல்லை. நான் இன்னும் அந்த மலையைப் பார்க்கலை."

தாணுமாலயன் அதை அடியோடு மறந்திருந்தார். அந்த வீட்டில் ஏங்குகிற ஆள் தான் ஒருவர்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவருக்கு வெட்கமாக இருந்தது.

நடைபாதைக்குப் போனார். ஹேண்டில்பாரில் துண்டுகள் இல்லை. வண்டியின் சீட்டைத் துடைத்து, அதன்மேல் இரண்டு ஹெல்மெட்டும் தயிர்சாத டப்பாவும் வைத்திருந்தாள். பேட்டரியை மாட்டி, வாங்கி வைத்திருந்த பெட்ரோலை ஊற்றினார். நாலாவது உதையில் வண்டி பிடித்தது. தெரு முழுக்கப் புகை. ஜெயலக்ஷ்மி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அவர் கிழக்கே பார்த்தார். வானம் கறுத்திருந்தது. பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

"மழை வரும் போலிருக்கே..."

"வரட்டும். ரெயின்கோட் ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன், ஆகஸ்டிலேயே."