டாக்டரம்மாவை அனுப்பிய முந்நூறு கையெழுத்து

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

உன் அக்காவுக்கு மூச்சிரைப்பு திரும்பிவிட்டது. வார்டு ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மாவைப் போன மாதம் மாற்றிவிட்டார்கள். அவர் நம் மதம் இல்லையாம். இந்த ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் நம் மதம், மிச்சம் ஒருவர் நாடி பிடித்தால் ஒன்பது பேருக்கும் மனம் புண்படுமாம். பிரார்த்தனைக் கூடத்தில் முந்நூறு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறார்கள், கவுன்சிலருக்குத் தேர்தல் பயம், ஒரே நாளில் அதை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். புது டாக்டர் நல்ல பக்திமான், எந்நேரமும் கூடத்திலேயே இருக்கிறார், ஆஸ்பத்திரியில் அவர் நாற்காலிதான் டியூட்டி பார்க்கிறது. எதிர்க்கட்சி வேட்பாளரிடம் போய் அழுதேன். தான் ஜெயித்தால் ஆஸ்பத்திரி வாசலிலேயே இன்னொரு கூடம் கட்டித் தருவதாகக் கண்கலங்கச் சொன்னார். கம்பவுண்டர்தான் ரகசியமாக, "அம்மாவ டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க சார், மருந்து அலமாரிச் சாவிகூட இப்ப கூடத்துலதான் இருக்கு" என்றார். டவுனுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இவளோ நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறாள்.

முப்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதியவன் நான். படிக்காமல் கையெழுத்துப் போட வந்தவர்கள் எத்தனை பேரைத் திட்டி, உட்காரவைத்து வாசித்துக் காட்டியிருப்பேன். இந்த முந்நூறு பேரில் ஒருவருக்காவது அந்தப் புத்தி வேண்டாமா? "அந்தம்மா கையப் பிடிச்சுப் பார்த்தாலே பாதி மூச்சு தன்னால வந்துடும். அவங்கள யாருங்க அனுப்பினது?" என்று உன் அக்கா கேட்கிறாள்.

நீ பெரிய ஆபீஸில் இருப்பவன். யாரையாவது பிடித்து டாக்டரம்மாவைத் திரும்ப வரவழை. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், எதையும் படித்துவிட்டே கையெழுத்துப் போடட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

அத்தான்

பி.கு.: தபாலில் போடப் போகிற வழியில் கவுன்சிலரைப் பிடித்து மனுவின் நகலைக் காட்டச் சொன்னேன். முதல் கையெழுத்து என்னுடையது. அன்றைக்குப் பிரார்த்தனை முடிந்ததும், "பெரியவர் நீங்க ஆரம்பிச்சு வைங்க" என்று கூடத்துத் தலைவர் காகிதத்தை நீட்டினார். எல்லார் முன்னாலும் கூப்பிட்டாரே என்ற பூரிப்பில், கூடத்துக்கு மின்விசிறி கேட்கிறார்கள் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். பத்திரக்காரரே போட்டிருக்கிறார், படித்துத்தான் போட்டிருப்பார் என்று மற்றவர்களும் போட்டார்களாம். யாரையும் பிடிக்க வேண்டாம். நீ வந்து அக்காவைக் கூட்டிப்போ. யார் அனுப்பியது என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.