மாப்பிள்ளை யாரையும் அண்டிப் போகவில்லை

நாமக்கல்,
வியாழக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய வாழப்பாடி சம்பந்தி குழந்தைவேல் அவர்களுக்கு, நாமக்கல் கந்தவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மயிலம்மாளும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மா ராஜம்மாள் அவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் பதினோரு நாளாக நீங்கள் போனை எடுப்பதில்லை. பாக்குத் தோப்புக்குத் தண்ணீர் போதுகிறதா, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதும் இதே காரணத்தால் தெரியாமல் கிடக்கிறது. லாரி புக்கிங் ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் எழுதிப் பழகிய கை என்பதால் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று துணிந்தேன். கோபத்தில் கிழித்துப் போட்டாலும் கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். என் மகள் இலக்கியா, கோழித் தீவனத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பரிசோதிக்கும் கம்பெனியில் ஏழு வருடமாக வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்கு இங்கிலாந்தில் ஒரு கிளை இருக்கிறது. அங்கே புதிதாக ஆய்வுக்கூடம் போடுகிறார்கள். அதை நிலைநிறுத்திக் கொடுக்க இலக்கியாவை மூன்று வருடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கம்பெனி தன் ஆளையே ஒரு நாட்டுக் கிளையிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளைக்கு அனுப்பினால் அதற்கென்று தனி விசாவாம். போகிற வருகிற எல்லோருக்கும் தரமாட்டார்களாம். பெரிய பொறுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வேலையில் நிபுணராக இருக்க வேண்டும். ‘சீனியர் ஆர் ஸ்பெஷலிஸ்ட்’ என்று அதற்குப் பெயர். போனில் சொன்னபோது, “முப்பத்தோரு வயசுப் புள்ள எப்படிங்க சீனியரு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் சம்பந்தி. விண்ணப்பத்தில் என் மகளைப் பற்றி எழுதியிருப்பதை உங்கள் காதால் கேட்க வைக்க வேண்டும் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை விருந்துக்கு அழைத்தேன். நாட்டுக்கோழி இரண்டாம் பட்சம்.

ராசிபுரத்திலிருந்து இலக்கியாவும் மாப்பிள்ளை நந்தகுமாரும் வந்து சேர மதியம் ஆகும் என்றார்கள். அவர்கள் வந்ததும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. இலக்கியா கொடுத்து வைத்திருந்த ஆங்கில விண்ணப்பத்தின் நகலை எடுத்துக்கொண்டு, உங்களையும் கூட்டிக்கொண்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடைச் சடையனிடம் போனேன். அவன் போனைக் காகிதத்துக்கு நேராகப் பிடித்தால் அது ஒரு பெண் குரலில் தமிழில் படிக்கும். அடுத்த கடைக்கும் கேட்கிற குரல். முதல் பக்கத்தில், “மூத்த அல்லது சிறப்புப் பணியாளர், இலக்கியா கந்தவேல்” என்று படித்தது. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். “பரவாயில்லீங்க” என்றீர்கள். அதோடு திரும்பியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. சடையன் சும்மா இராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். “சார்ந்திருப்பவர், நந்தகுமார் குழந்தைவேல்” என்றது போன்.

“அப்படின்னா என்னாங்க?” என்று கேட்டீர்கள்.

போனாவது பேசாமல் இருந்தது. சடையன்தான், “அது ஒண்ணுமில்லீங்க, சொந்தமா வழியில்லாம இன்னொருத்தர அண்டிப் பொழைக்கறவருங்க” என்றான். ஆதார் நகல் எடுக்க நின்றிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எம் பையனா? ஜவ்வரிசி மில்லுல அறுபது பேருக்கு வேலை சொல்றவன் அண்டிப் பொழைக்கிறவனா?” என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். முழங்கால் வலிக்காரர் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் சம்பந்தியம்மா அப்போதுதான் இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் போன் வந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். மயிலம்மாள் என்னிடம் ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள் பேசினாள். அந்த ஐந்து நாளே தேவலாம் என்று ஆகிவிட்டது.

பிள்ளைகள் வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். இலக்கியா சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிதானமாக லேப்டாப்பைத் திறந்தாள். “நான் போகலைன்னு கம்பெனிக்கு எழுதிடறனுங்கப்பா. ஊடு ரெண்டாகி அங்க போயி நான் என்ன பண்ணப் போறேன்?” என்றாள். ஏழு வருடம் சோளத்தையும் பிண்ணாக்கையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி போட்டுக்கொண்ட பெண். மாப்பிள்ளைதான் கை நீட்டி லேப்டாப்பை மூடினார். “எங்கப்பா கோவம் வேற, உன் வேலை வேற. அது தணியும், இது திரும்பி வராது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “மாமா, நீங்க மட்டும் இனிமே எதையும் யாருகிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்லாதீங்க” என்றார். நான் சரி என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த நாளே கம்பெனியில் விசா வேலை பார்க்கும் மோனிஷா என்ற பெண்ணுக்குப் போன் போட்டு, அந்தச் சொல்லுக்கு வேறு ஏதாவது மரியாதையான சொல் போட முடியுமா என்று விசாரித்தேன். முடியாதாம், படிவத்தில் அச்சடித்ததாம். ஆனால் அந்தப் பெண் சொன்ன இன்னொரு சேதியை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். “அங்கிள், சார் அங்க போயி எந்தக் கம்பெனில வேணும்னாலும் வேலைக்குச் சேரலாம், புடிக்கலேன்னா மாறிக்கலாம். மேடம்தான் இந்தக் கம்பெனிய விட்டு நகர முடியாது” என்றாள். நன்றாகப் பாருங்கள் சம்பந்தி. நிபுணர் கட்டிப் போட்ட மாடு மாதிரி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சார்ந்திருப்பவர் இஷ்டம்போல் போகலாம், வரலாம். இதில் யார் யாரை அண்டியிருக்கிறார்கள் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

இன்னொன்று. அந்த நாட்டில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்க வேண்டுமாம். நமக்கு ஏது? அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டிருக்கிறார்கள். அதனால் அங்கே பால்காரன் முதல் பேங்க் மேனேஜர் வரை உங்கள் மகனை ‘மிஸ்டர் குழந்தைவேல்’ என்றுதான் கூப்பிடுவான். அங்கே நாள் முழுக்க உங்கள் பெயர்தான் ஒலிக்கப் போகிறது. ஆனால் புருசனுக்கு ஒரு பெயர், பெண்சாதிக்கு ஒரு பெயர் என்று இருப்பதால், சந்தேகம் வராமல் இருக்கக் கல்யாணப் போட்டோவும் வைக்கச் சொன்னாள் மோனிஷா. ஆல்பத்தைப் புரட்டினோம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நல்லதாக விழுந்த எல்லாப் படத்திலும் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். மீசை அருமையாக விழுந்திருக்கிறது. கடைசியில், கொல்லிமலைக்குப் போனபோது இரண்டு பேரும் ஒரே குடையில் நின்று கொய்யாப்பழம் தின்கிற படத்தை வைத்தோம்.

போன வாரம் சென்னைக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, கைரேகையும் வைத்துவிட்டு வந்தார்கள். துணைக்கு நானும் போனேன். ஏசி பஸ்ஸில் போனதில் எனக்கு இருமல். காசநோய் இல்லை என்று சான்று தருகிற இடத்தில் இருமினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நர்ஸம்மா ஓடி வந்து, “நீங்களும் விசாவுக்கா?” என்றது. “இல்லீங்க, நிபுணரோட அப்பனுங்க” என்றேன். “அப்ப வெளிய போயி இருமுங்க” என்றது. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தபோது மாப்பிள்ளை வந்தார். உங்களுக்குத்தான் போன் பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் எடுக்கவில்லை. “எங்கப்பா வந்து வழியனுப்பலேன்னா, இலக்கியாவ மொதல்ல அனுப்பிட்டு நான் இங்கியே இருந்துக்கறேன் மாமா” என்றார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெற்றவர் நீங்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தப்பு மாப்பிள்ளைமேலும் இல்லை, இலக்கியாமேலும் இல்லை, அந்தப் படிவத்தின்மேலும் இல்லை. மகளைப் பெற்றவனுக்கு வந்த பெருமை கண்ணை மறைத்துவிட்டது. சடையன் கடைப் பக்கம் நான் இப்போது போவதில்லை. விசா வந்தால் அடுத்த மாதமே கிளம்ப வேண்டியிருக்கும். நீங்கள் வந்து உங்கள் கையால் திருநீறு பூசி இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பி வைக்க வேண்டும். என்மேல் உள்ள கோபத்தை அதற்கப்புறம் எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு மயிலம்மாளின் அன்பான விசாரிப்பு. உங்கள் தோப்பும் துரவும் செழித்து, குடும்பம் குறைவின்றி இருக்க எல்லாம்வல்ல முருகனை வேண்டுகிறேன்.

தங்கள் பணிவுள்ள சம்பந்தி,
கந்தவேல்

பின்குறிப்பு: மேலே கண்ட எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. நீங்களும் சம்பந்தியம்மாவும் இறங்கினீர்கள். இதை எழுதும்போது நீங்கள் என் கூடத்தில் மோர் குடித்துக்கொண்டு, “உள்ள என்னா சம்பந்தி அவ்வளவு நேரமா எழுதறீங்க?” என்கிறீர்கள். கோபம் தணிந்ததா என்று கேட்டால், “கோவமா? எனக்கா? போனு ரிப்பேருங்க” என்கிறீர்கள். சம்பந்தியம்மா உங்கள் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். வாழப்பாடிப் பாக்கு மண்டியில் பார்க்கிறவர்களெல்லாம் “பையன் லண்டனுக்காமே” என்று கேட்கிறார்களாம், நீங்களும் ஆமாம் என்று சொல்லிவிட்டீர்களாம். இப்போது குரலைத் தாழ்த்தி, அந்தத் தாளில் அப்பன் ஆத்தாளையும் சார்ந்திருப்பவர் என்று எழுத இடம் உண்டா என்று கேட்கிறீர்கள். “சம்பந்தி, அதுக்கு அர்த்தம்...” என்று இழுத்தேன். “தெரியுங்க. பெத்த புள்ளைய அண்டி நாலு மாசம் இருக்கறதுல என்னாங்க கொறச்சல்? எந்திரிங்க, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ புடிக்கணும்” என்கிறீர்கள். எழுந்துவிட்டேன். கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன்.