கடையில் கிடைக்காத சக்கரம்

ஒரு சாமான் கடையில் கிடைக்கவில்லை என்றால் உங்களுக்கும் எனக்கும் எரிச்சல் வரும். இரண்டு கடை ஏறி இறங்குவோம், மூன்றாவது கடையில் அலுத்துக்கொள்வோம், கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேருவோம். ஆனால் ‘கிடைக்கலை’ என்ற சொல் காதில் விழுந்ததும் முகத்தில் தனிக் களை வந்துவிடுகிற ஓர் இனம் இருக்கிறது. அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் வீட்டுப் பட்டறையார். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். தெருவில் இல்லையென்றால் குடும்பத்தில் இருப்பார். குடும்பத்திலும் இல்லை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அளவெடுக்கும் வெர்னியர் இருக்கும். கை குலுக்கினால் கொஞ்சம் கிரீஸ் உங்கள் கைக்கு வந்துவிடும். உங்கள் வீட்டுக்கு வந்தால், உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கவிழ்த்து அடியில் இருக்கும் திருகாணிகளைப் பார்த்து, உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். உடைந்த எதையும் எறிய விடமாட்டார். “இருக்கட்டும், எதுக்காவது ஆகும்” என்பார். எதற்கு ஆனது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எந்த வேலையைக் கேட்டாலும் “ஒரு மணி நேர வேலை” என்பார். எந்த ஒரு மணி நேரம் என்பதையும் கேட்காதீர்கள்.

நம் பட்டறையார் பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நாற்காலி தேய்ப்பவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தால்தான் அவருக்கு உயிர் வரும். அந்தப் பட்டறை, உண்மையைச் சொன்னால், மனைவியின் தையலுக்கென்று கட்டிய அறை. ஜன்னல் பெரிதாக வேண்டும், வெளிச்சம் இடதுபக்கமிருந்து விழ வேண்டும் என்று அவள்தான் கொத்தனாரிடம் நின்று சொல்லிக் கட்ட வைத்தாள். பிறகு எங்கோ மூடிப்போன தொழிற்சாலையிலிருந்து, இரும்பு விலைக்கு, இரும்பைச் சுழற்றிக் கடைகிற ஒரு பழைய லேத் மிஷின் வந்து சேர்ந்தது. அது வாசலில் நுழையவில்லை. நிலைக்கதவைப் பெயர்த்து உள்ளே தள்ளினார்கள். கதவைத் திரும்ப மாட்டுவது ஒரு மணி நேர வேலை என்பதால் இன்றுவரை அங்கே கதவு இல்லை. தையல் மிஷின் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்துப் போகிற சந்தில் நிற்கிறது.

அந்தச் சந்தில் உட்கார்ந்துதான் அவள் தைத்துவந்தாள். கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது. அக்கம்பக்கத்தில் அவளுக்கு ‘ஜிப் மாத்தற அக்கா’ என்று பெயர். நல்ல பெயர்தான், ஆனால் அவளுக்கு அது பிடிக்காது. பெரிதாக ஒன்றை எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை தன் கையால் தைத்து, நாலு பேர் பார்க்கிற இடத்தில் தொங்கவிட வேண்டும் என்று அவளுக்கு வெகுநாளாக ஆசை. கடைத்தெருவில் ஒரு புது விடுதி திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தானாகவே போய் மேலாளரைப் பார்த்தாள். எல்லா அறைகளுக்கும் ஜன்னல் திரை தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. திறப்பு விழா நாள் குறித்தாகிவிட்டது, முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார் மேலாளர். முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தாள். துணி வந்து இறங்கிச் சோபாவை மூடியது. வீட்டில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தார்கள்.

இரண்டாவது திரையிலேயே மிஷின் மக்கர் பண்ணியது. கனத்த துணி நகரவில்லை. ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி நூல் முடிச்சாகக் குவிந்தது. அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். கணவர் முகம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று பிறகு அவளே சொன்னாள்.

உடனே மிஷினைக் கவிழ்த்தார், பிரித்தார், அடியிலிருந்து கட்டைவிரல் நகத்தளவு சக்கரம் ஒன்றை வெளியே எடுத்தார். அது முழு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் புடைத்திருக்கும். சுற்றும்போது அந்தப் புடைப்புதான் துணியை நகர்த்தும் பல்லை மேலே தூக்கிவிடும். அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, தூரத்தில் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

“போச்சு. இதெல்லாம் இப்ப வர்றதே இல்ல.”

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் மிஷின் சாமான் கடை ஒன்று இருப்பதாகத் தன் தம்பி சொன்னானே, ஒரு நடை போய்க் கேட்டுப் பார்த்தால் என்ன என்றாள் மனைவி. பட்டறையார் ஒரு புன்னகை புரிந்தார். அந்தப் புன்னகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விவரம் தெரியாதவர்களை மன்னிக்கிற புன்னகை. கேட்காமலே கிடைக்காது என்று எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் ஐயா இந்த இனத்தின் ஞானம். கேட்டால் கிடைத்துவிடும் என்ற பயத்தினாலேயே கேட்க மாட்டார்கள்.

அடுத்தது இரும்பு தேடும் படலம். பிஸ்கட் டப்பா, பெயின்ட் டப்பா, குழந்தைகளின் பால்பவுடர் டப்பா என்று (அந்தக் குழந்தைகள் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறார்கள்) ஒவ்வொன்றாகத் தரையில் கொட்டிப் பொறுக்கி, இது மெது, இது துரு, இது பித்தளை, இது என்னவென்றே தெரியவில்லை ஆனால் இருக்கட்டும் என்று திரும்ப அள்ளிப் போட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ பழுதுபார்க்கச் சொல்லி விட்டுவிட்டுப் போன ஸ்கூட்டரின் அச்சிலிருந்து ஒரு துண்டை அறுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஸ்கூட்டரை அவர் மறந்தே போயிருந்தார்.

சக்கரத்தைக் கடைய அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும். பிடி செய்யத் துளை போட வேண்டும். துளை போடும் கருவியின் பெல்ட் அறுந்திருந்தது. அந்தப் பெல்ட்டும் இப்போது வருவதில்லையாம். துணி துவைக்கும் மிஷினிலிருந்து கழற்றிக்கொண்டார். கூடத்தில் துணி குவிந்தது, கொல்லையில் அழுக்குத் துணியும் குவிந்தது. விடுதி மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு எப்படிப் போகிறது என்று விசாரித்தார். போய்க்கொண்டிருக்கிறது என்றாள் அவள். எது எங்கே போகிறது என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

பட்டறையாரோ பழைய சக்கரத்தை மைக்ரோமீட்டரில் வைத்து அங்குலம் அங்குலமாக அல்ல, மயிரிழை மயிரிழையாக அளந்துகொண்டிருந்தார். சுற்றிச் சுற்றி அளந்தார். குறித்துக்கொண்டார். கடைந்தார். அரத்தால் ராவினார். திரும்ப அளந்தார். ஒரு மயிரிழை கூடிவிட்டது என்று ஒன்றைத் தூக்கிப் போட்டார். ஒரு மயிரிழை குறைந்துவிட்டது என்று இன்னொன்றை. மூன்றாவதைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தினார். சும்மா சொல்லக்கூடாது, அபாரமான வேலை. உள்ளங்கையில் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

“பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சா எது எதுன்னு எனக்கே தெரியல. அச்சு அசல். அதோட, பழசு மாதிரி தேயாது. நூறு வருஷம் ஆனாலும் இப்படியேதான் இருக்கும்.”

மாட்டினார். அவள் உட்கார்ந்தாள். திரையை ஊசிக்கடியில் கொடுத்து மிதித்தாள். துணி நகரவில்லை. ஊசி அதே இடத்தில் குத்தியது, நூல் அதே மாதிரி குவிந்தது. இன்னொரு தடவை மிதித்தாள். அதே குவியல். பட்டறையார் எண்ணெய் விட்டார், திருகைத் தளர்த்தினார், இறுக்கினார், மிஷினைத் தட்டிக்கொடுத்தார். அவள் காலை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“பழசு மாதிரியேதான செஞ்சிருக்கீங்க?”

“துளிகூட வித்தியாசம் கிடையாது.”

“பழசுதானேங்க ஓடல?”

அவ்வளவுதான்.

உங்களுக்கும் எனக்கும் இப்போது புரிகிறது. பழைய சக்கரத்தின் கோளாறே அதன் புடைப்பு தேய்ந்து போனதுதான். இந்த மனிதர் அந்தத் தேய்மானத்தை மயிரிழை பிசகாமல் அளந்து, மயிரிழை பிசகாமல் கடைந்து, அது எந்தக் காலத்திலும் தேயாதபடி கெட்டியும் படுத்திக் கொடுத்திருக்கிறார். இருந்த பழுது தற்காலிகமானது. இவர் அதை நிரந்தரமாக்கிவிட்டார். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கு நெஞ்சு கனத்துப்போனது நிஜம். கேலி செய்ய உட்கார்ந்தேன் என்பதற்காக அதை நான் மறைக்கப் போவதில்லை. தன் கையால் செய்த ஒரு பொருளை அவள் வாழ்க்கையில் ஓட வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது.

மறுநாள் மைத்துனன் வந்தான். பேச்சில்லாமல் அவரை வண்டியில் ஏற்றிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கூட்டிப்போனான். கடைக்காரர் தொலைபேசியில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே சக்கரத்தை வாங்கிப் பார்த்தார். சண்டையை நிறுத்தாமல் கையைப் பின்னால் விட்டு ஒரு தட்டிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று வேண்டுமா, நாலைந்து வேண்டுமா என்று விரலால் கேட்டார். பட்டறையார் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து அங்கேயே அளந்தார். என்ன செய்வது, பழக்கம்.

“கொஞ்சம் கூட இருக்கே” என்றார்.

“மாமா, அந்தக் கூட இருக்கறதுதான் நமக்கு வேணும்” என்றான் மைத்துனன்.

சக்கரம் வந்தது, மிஷின் ஓடியது, திரைகள் ஒவ்வொன்றாக மடிந்து அடுக்கில் ஏறின. சோபா மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. பாதி வேலை முடிந்ததும், தைத்தவற்றை மாட்டிப் பார்த்துவரலாம் என்று அவள் விடுதிக்குப் போனாள். ஜன்னலில் தன் திரை தொங்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். மேலாளர் துணியைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். மீதியும் இப்படியே வந்துவிட்டால் போதும் என்றார். அவள் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால், மிஷின் கவிழ்ந்து கிடந்தது. சக்கரத்தைக் காணோம். கதவில்லாத அறைக்குள்ளே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கம் தயாராக இருந்தது. இப்போதுதானே தேயாத அசல் கையில் கிடைத்திருக்கிறது, இதை அளவெடுத்து ஒன்று செய்து வைத்துவிட்டால் நாளைக்கு இது தேய்ந்தாலும் கவலையில்லை, இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்குக் கடையில் வரும் என்று நினைக்கிறாய், ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரம் அன்று முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. அவள் ஊசியை எடுத்துக்கொண்டு திரையின் ஓரத்தைக் கையாலேயே தைக்க உட்கார்ந்தாள்.

அதற்கு அடுத்த நாள் பட்டறையார் லேத்தருகே போய் நின்றால், சக் சாவியைக் காணோம். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வாய்க்கு சக் என்று பெயர். அதைத் திறக்கவும் இறுக்கவும் ஒரு சாவி உண்டு. அது இல்லாவிட்டால் லேத் வெறும் பாரம். டப்பாக்களை எல்லாம் கொட்டினார். லேத்துக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்தார். நேற்று போட்டிருந்த சட்டை, முந்தாநாள் போட்டிருந்த சட்டை, குளிர்பெட்டியின் மேற்புறம் எல்லாம் பார்த்தார். மைத்துனனைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார். கடைசியில் கூடத்துக்கு வந்தார்.

“சக் சாவியப் பாத்தியா?”

அவள் நிமிரவில்லை. ஊசி போய்க்கொண்டே இருந்தது.

“அது கிடைக்காதுங்க. இப்பல்லாம் அது வர்றதே இல்ல.”

அவருக்கு உடனே புரியவில்லை. பட்டறை மூளை முதலில் வேறு வழியில்தான் ஓடும். வராவிட்டால் என்ன, செய்துகொள்ளலாம்! உள்ளே போனார். நல்ல இரும்பாக ஒரு துண்டு எடுத்தார். அளவு நினைவிருந்தது. லேத்தில் பிடிக்கக் கொண்டுபோனார். சக்கைத் திறக்கக் கையை நீட்டினார்.

திறக்கச் சாவி வேண்டும்.

இரும்புத் துண்டோடு அங்கேயே நின்றார். கடையிலும் கேட்க முடியாத, கையாலும் செய்ய முடியாத ஒரு சாமானை அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்தார். பிறகு அளவெடுக்கும் மேசையிலிருந்து கடைச் சக்கரத்தை எடுத்து, எண்ணெய் துடைத்து, கூடத்துக்கு வந்து, மிஷினில் மாட்டினார். மாட்டுவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவள் கைத்தையலை மடித்து வைத்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்து வந்த திரைகளை மடித்துக் கொடுத்தார், நன்றாகத்தான் மடித்தார்.

கடைசித் திரை விடுதியில் ஏறிய அன்று சாவி லேத்தின்மேல் இருந்தது. எங்கே இருந்தது, யார் வைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. இப்போது அவளுக்கு இன்னொரு விடுதியில் வேலை வந்திருக்கிறது. அது தொடங்கினதும் சாவி திரும்பத் தொலையும் என்று அவருக்குத் தெரியும். அவர் கெட்டிப்படுத்திய அந்த நூறு வருஷச் சக்கரம் பால்பவுடர் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. எதுக்காவது ஆகும்.

சரி, உங்களுக்கு வருவோம். நீங்கள் இப்படியெல்லாம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் லேத் கிடையாது. ஆனால் மேசை இழுப்பறையில் எந்தப் பொருளுக்கும் பொருந்தாத திருகாணிகள் ஒரு டப்பா இருக்கிறதே, அது யாருடையது? பிரித்து வைத்து, ஒரு மணி நேர வேலை என்று சொல்லி, செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் போட்ட மிக்ஸி யாருடையது? இதைப் படித்துவிட்டு எழுந்து போய் அதை எடுத்துப் பார்ப்பீர்கள், பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைப்பீர்கள். வையுங்கள். ஆனால் நாளைக்கு உங்கள் வண்டிச் சாவியோ கண்ணாடியோ காணவில்லை என்றால், வீடு முழுக்கத் தேடி அலையாதீர்கள். யாருடைய சாமானைக் கழற்றி வைத்திருக்கிறோம் என்று முதலில் யோசியுங்கள்.