தீர்த்தகிரி வீட்டு இந்தி

காப்பியில் சர்க்கரையே இல்லை. அதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தீர்த்தகிரிக்கு மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்பதுகூட வீம்புதான்; மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? தமிழில் சொல்லலாம். ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிறவருக்கு அன்றைக்குக் காப்பியே கிடையாது. சட்டம் போட்ட மகராசன் அவரேதான். கசப்பை முழுங்கினார்.

முப்பத்தெட்டாம் வருஷம் அது. பள்ளிக்கூடங்களில் இந்தி நுழைந்திருந்தது. வேண்டுமென்று ஒரு கூட்டமும் வேண்டாமென்று ஒரு கூட்டமும் நாமக்கல் தெருக்களில் தொண்டை கிழியக் கத்தின. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா தீர்த்தகிரி இரண்டிலும் சேராமல், "எங்க ஊட்டுல கொழந்தைங்க இனி இந்திதாம் பேசும். நாளைக்கு உத்தியோகம் வேணுமல்ல?" என்று ஆபீசில் பீற்றிக்கொண்டார்.

பண்டிதர் காளியண்ணனின் மாலை இந்தி வகுப்புக்கு இரண்டொரு நாள் போனார். சளி பிடித்ததென்று நின்றுவிட்டார். மனைவி குஞ்சம்மாளும் பிள்ளைகளும் போய்ப் படிக்க வேண்டியது என்று உத்தரவு போட்டார்.

கொஞ்ச நாள் வீட்டில் எல்லாம் கைஜாடையில் நடந்தது. பிறகு ஒருநாள் குஞ்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"கித்தனா மத்தனா கர்த்தா ஜாத்தா ஹை?"

மகள் உண்ணாமலை படபடவென்று பதில் சொன்னாள். சின்னவன் செங்கோடன் அவளை மிஞ்சினான். மூவரும் தீர்த்தகிரியைப் பார்த்தார்கள். குடும்பத் தலைவர் முழிக்கலாமா?

"அச்சா!" என்றார் கம்பீரமாக.

மறுநாள் கொல்லையில் இரண்டு மேச்சேரி ஆடுகள் நின்றன. வாங்கட்டுமா என்று குஞ்சம்மாள் கேட்டாளாம், ஆடு விற்றவன் சொன்னான். சம்மதம் சொன்னாராம்.

'இனி அச்சாவே கூடாது' என்று முடிவு கட்டினார். அந்தச் சமயத்தில் ஜேடர்பாளையத்திலிருந்து மைத்துனன் ராசப்பன் வந்து சேர்ந்தான். சோற்றுக்கு வந்தால் சகித்துக்கொள்ளலாம்; அவனுக்குத் தீர்த்தகிரியின் சைக்கிள்மேல் வெகுநாளாக ஒரு கண். சைக்கிளோ தீர்த்தகிரிக்கு உயிர். பெற்ற பிள்ளைகள் மணியைத் தொட்டாலே வள்ளென்று விழுவார்.

குஞ்சம்மாள் தம்பியைக் காட்டி என்னவோ கேட்டாள்.

"நஹீ! நஹீ!" என்று அலறினார்.

ராசப்பன் துணிமூட்டையை அவிழ்த்தான். "ஊருக்குப் போகட்டுமான்னு அக்கா கேட்டதுக்கு, வேண்டவே வேண்டாம்னுட்டீங்களாமே மாமா! தங்கமான மனசுங்க உங்களுக்கு!"

அன்று சாயங்காலம் குஞ்சம்மாள் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே நீளமாக ஒரு கேள்வி கேட்டாள். தீர்த்தகிரி சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். 'குடுக்கட்டுமா' என்கிறாளா? 'குடுக்காம இருக்கட்டுமா' என்கிறாளா? எதைச் சொன்னாலும் வம்பு. புரியவில்லை என்று சொல்வதற்கோ மானம் இடங்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாகத் தலையை ஒரு சுற்றுச் சுற்றிவைத்தார்.

விடிந்ததும் ராசப்பன் மணியடித்தபடி சைக்கிளில் தெருக்கோடியைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

"டேய் ராசப்பா! எறங்குடா! எஞ் சைக்கிளுடா!" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சைக்கிளை ஓடிப் பிடிக்க முடியுமா? மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"தமிழ்ல பேசிட்டீங்க. இன்னிக்குக் காப்பி இல்லீங்க" என்றாள் வாசலில் நின்ற குஞ்சம்மாள்.

"ஆரைக் கேட்டுடி குடுத்தே?"

"உங்களத்தானுங்க கேட்டேன். தலையாட்டுனீங்களே! புரியலீன்னா புரியலீன்னு சொல்றதுக்கு என்னங்க?"

அவர் திண்ணையில் பொத்தென்று உட்கார்ந்தார். அழுகையாக வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. தன் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன போடு போடுகிறார்கள்!

அந்த நேரம் பார்த்துப் பண்டிதர் காளியண்ணன் தெருவோடு வந்தார். தீர்த்தகிரி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பண்டிதரே! சைக்கிள் போனாப் போகுதுங்க. எம் பொஞ்சாதி புள்ளைங்களுக்கு இந்தியத் தண்ணி பட்ட பாடா ஆக்கிப்போட்டீங்களே! இந்த உபகாரத்த மறக்கமாட்டனுங்க!"

பண்டிதர் திருதிருவென்று விழித்தார்.

"நானுங்களா? புள்ளைங்க வகுப்புப் பக்கமே வல்லீங்களே! அம்மா மட்டும் ஒருக்கா வந்தாங்க. 'எங்களுக்கு இந்தி வேண்டாமுங்க, எங்க ஊட்டுக்காரருக்கு எத்தனை வார்த்தை தெரியும், அத மட்டும் சொல்லுங்க'ன்னாங்க. ரெண்டு, அச்சாவும் நஹீயும்னேன். 'அது போதுமுங்க'ன்னுட்டுப் போயிட்டாங்க!"